பின்னேரத்தைப் பிடித்தவர்கள்

எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவன் முகத்தில் கம்பிக்கூடு மாட்டிக்கொண்டு மூன்று மணித்தியாலம் குந்தியிருப்பான். அகதிகளைப் பூட்டிவைக்கும் வில்லாவுட் தடுப்புமுகாமில் ஒன்றரை வருடம் கம்பிக்குப் பின்னால் இருந்துவிட்டு வந்த எனக்கு, ஒருவன் காசு கொடுத்துக் கம்பி வாங்கி முகத்தில் கட்டிக்கொள்வது விளங்கவில்லை. விளையாட்டின் பெயர் பேஸ்போல் என்றும், அவனைக் கேட்சர் என்பார்கள் என்றும் பிறகு அறிந்தேன். நம்முடைய கிரிக்கெட்டில் விக்கெட் காப்பவனைப் போல. அடிக்கிறவன் விட்டுவிடும் பந்தைக் குந்தியபடியே பிடிக்கவேண்டும். அவன் தலைக்குப் பின்னால் நிற்கும் நடுவர், பந்து அடிக்கிறவனுக்கு முன்னாலுள்ள கண்ணுக்குத் தெரியாத எல்லைக்குள் வந்ததா, வெளியே போனதா என்று சொல்வார்.

அது 2012ஆம் ஆண்டின் கோடைத் தொடக்கம். முடிவு வரும்வரை தங்குவதற்கான பிரிட்ஜிங் விசாவில் என்னை வெளியே விட்டிருந்தார்கள். கிழமை நாட்களில் ஒரு வெதுப்பகத்தில் தட்டுக் கழுவினேன். முதல் விசாரணையில் என் கதையை நம்பவில்லை. மறுவிசாரணைக்குத் தேதி வரவேண்டும். அதிலும் நம்பாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, வவுனியா, கொழும்பு, மலேசியா என்று அலைந்து படகேறியவன் நான். சும்மா இருக்கத் தெரியாது. அதனால் ஞாயிறுகளில் வேலியோரம் போய் நின்றேன்.

அங்கேதான் ஜெனி மடிக்கணினியோடு இருப்பாள். கிழமை நாட்களில் பரமட்டாவில் ஒரு மருத்துவமனையில் தரவுகளை அலசும் வேலை. ஞாயிற்றில் இந்தக் கழகத்துக்குப் புள்ளிவிபரம். இரண்டாம் கிழமை என்னிடம் கட்டம் போட்ட தாள் ஒன்றை நீட்டி, ஒவ்வொரு பந்தும் எந்தக் கட்டத்தில் போகிறது என்று பென்சிலால் குத்தச் சொன்னாள். கேட்சர் டேமியனைக் காட்டி, "ஹி ஸ்டீல்ஸ், மேட். ஆல் டே லோங்" என்றாள். நாள் முழுக்கத் திருடுகிறானாம். நான் என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஆட்டம் முடிந்து டேமியன் பக்கத்தில் வந்து தண்ணீர் குடித்தபோது, "நோ பொலிஸ். ஐ நோ டெல்" என்று மெல்லச் சொன்னேன். குழாய் திருத்தும் தொழிலாளியான அந்தப் பெரிய மனிதன், ஜெனி விளக்கிச் சொன்னதும் குடித்த தண்ணீர் மூக்கால் வரச் சிரித்தான்.

அவன் திருடுவது நடுவரின் தீர்ப்பை. எல்லைக்கோட்டில் உரசி வரும் பந்தைக் கை அசையாமல், அது அங்கேதான் வரவேண்டியிருந்தது என்பது போல வாங்குவான். நடுவர் உள்ளே என்பார். அதே பந்தை இன்னொருவன் கையை வெட்டிப் பிடித்தால் வெளியே என்பார். பந்து ஒன்றுதான்; பிடித்தவன்தான் வேறு. பழைய கணக்கில் இதற்கு இடமில்லை. எத்தனை பந்தைத் தவறவிட்டான், ஓடுகிறவர்களில் எத்தனை பேரைப் பந்தெறிந்து வெளியேற்றினான், அவ்வளவுதான். அந்தக் கணக்கில் டேமியன் கடைசி. தோள் தேய்ந்துவிட்டது. ஜெனி ஒரே கட்டத்தில் வந்த பந்துகளையெல்லாம் சேர்த்து, வேறு கேட்சர்கள் பிடித்தபோது என்ன தீர்ப்பு, டேமியன் பிடித்தபோது என்ன தீர்ப்பு என்று ஒப்பிட்டாள். எறிந்தவன் யார், நடுவர் யார் என்பதன் பங்கையும் கழித்தாள். மிஞ்சுவது பிடித்தவனுடையது என்றாள். அந்தக் கணக்கில் அவன் முதல்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு முதல் விசாரணை ஞாபகம் வந்தது. மொழிபெயர்ப்பாளர் கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர். தங்கமானவர். என் சைக்கிள் கடைக்கு ஆமிக்காரர் வந்து என்னைக் கொண்டுபோன நாளைச் சொன்னேன்.

"பின்னேரம் வந்தவை."

"பின்நேரம்னா... ரொம்ப லேட்டாவா தம்பி?"

அவர்கள் வருவதாகச் சொன்ன நாளுக்கு இரண்டு நாள் பிந்தித்தான் வந்தார்கள். "ஓம்" என்றேன். ஆங்கிலத்தில் அது 'லேட் அட் நைட்' ஆகிவிட்டது. அதே விசாரணையின் அடுத்த நேர்காணலில், நாலு மணி, நல்ல வெயில், சைக்கிள் ரியூப் ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தேன் என்றேன். நிராகரிப்புக் கடிதத்தில் முதற்காரணமாக அதைத்தான் போட்டிருந்தார்கள்: ஒருமுறை நள்ளிரவு, ஒருமுறை பகல். ஊரில் இருப்பவர்களுக்குப் பின்னேரம் என்றால் மூன்றரைக்கும் ஆறுக்கும் இடைப்பட்ட பொழுது. அந்த மனிதர் ஒரு சொல்லையும் தவறவிடவில்லை. பழைய கணக்கில் அவர்மேல் பிழை இல்லை. விளிம்பில் வந்த ஒரு சொல்லில் மட்டும் கை அசைந்துவிட்டது.

ஜெனியிடம் கேட்டேன், இப்படிக் கணக்குப் பார்க்க எத்தனை பந்து வேண்டும்?

"ஆயிரக்கணக்கில். குறைஞ்சது ஒரு முழுப் பருவம். ஒன்றிரண்டு பந்தை வைத்து ஒன்றும் சொல்லமுடியாது. ஏன்?"

"சும்மா" என்றேன்.

வீட்டில் என்னோடு அறையைப் பகிர்ந்த கிருபாவிடம் இதைச் சொன்னபோது, "டேய், நீ அங்க போய் உந்தப் பந்துக் கதையைத் தொடங்கிப்போடாத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிப்போட்டு வா" என்றான். அவன் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

மறுவிசாரணையில் மொழிபெயர்க்க யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர் வந்திருந்தார். பின்னேரம் என்றதும் அவர் கண் இமைக்காமல் 'ஆப்டர்நூன்' என்றார். எனக்கு உடம்பு இலேசானது. ஆனால் விசாரிப்பவர் பழைய தாளைப் புரட்டி, "முன்பு இரவு என்றீர்கள், இப்போது பிற்பகல். எதை நான் நம்புவது?" என்றார். எனக்குள் ஜெனியின் கட்டத்தாள் விரிந்துவிட்டது.

"நான் ஒரே சொல்லைத்தான் சொன்னனான். பிழை பிடிச்சதில. அதே சொல்லை மற்ற மொழிபெயர்ப்பாளர்கள் எப்பிடிப் பிடிச்சவை எண்டு பாருங்கோ."

அன்ரி என் பக்கம் திரும்பினார். "தம்பி, பிடிச்சவை எண்டா? ஆமி மொழிபெயர்ப்பாளரையும் பிடிச்சதோ?"

"இல்லை அன்ரி, பந்து பிடிக்கிறது."

"என்ன பந்து?"

"பேஸ்போல்."

அன்ரி தொழிலில் நேர்மையானவர். சொன்னதைச் சொன்னபடியே ஆங்கிலத்தில் வைத்தார், கை அசையாமல். விசாரிப்பவர் பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். நான் இன்னும் விளக்கினேன். அவர் இன்னும் எழுதினார்.

கடிதம் எட்டுக் கிழமையில் வந்தது. கிருபா வாசித்து, தனக்குத் தெரிந்த அளவில் சொன்னான். முரண்பாட்டைப் பற்றிக் கேட்டபோது மனுதாரர் நேரடியாகப் பதில் தராமல் ஒரு பந்து விளையாட்டைப் பற்றிப் பேசினார், நழுவும் போக்குடையவர், நம்பத்தக்கவர் அல்லர்.

"சொன்னனான்தானே" என்று சொல்ல வாயெடுத்தவன் கடிதத்தை மடித்தான். "இனிக் கோடுதான்" என்றான். நீதிமன்றத்தை எங்கள் ஊரில் கோடு என்போம். "ஆனா கோட்டில உன்ர கதை மெய்யா பொய்யா எண்டு பாக்கமாட்டினம். விசாரிச்ச முறையில சட்டப் பிழை இருக்கோ எண்டுதான் பாப்பினம்."

முறையில் பிழை இருக்காது. எல்லாரும் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள்.

அந்த ஞாயிறும் மைதானத்துக்குப் போனேன். கம்பிக்கூட்டுக்குள் வேறொருவன் குந்தியிருந்தான். ஜெனியின் தாள்களைப் பயிற்சியாளர் புரட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, எறியத் தெரிந்தவன்தான் வேண்டும் என்று டேமியனை இரண்டாம் அணிக்குத் தள்ளிவிட்டாராம். இதைச் சொல்லிவிட்டு ஜெனி கட்டத்தாளை என்னிடம் நீட்டினாள். என் கடிதத்தைச் சட்டைப்பைக்குள் தள்ளிவிட்டு நான் பென்சிலை எடுத்தேன். புதியவனுக்கு நல்ல தோள். ஓட வெளிக்கிட்ட ஒருவனை எறிந்து வெளியேற்றினான், எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்த பந்து விளிம்பை உரசிக்கொண்டு வந்தது. அவன் கை வெளியே வெட்டியது. நடுவர் வெளியே என்றார்.

"உள்ளேயா, வெளியேயா?" என்று ஜெனி திரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"கோட்டில்."

"கோட்டில் என்று ஒரு கட்டம் இல்லை, மேட். ஏதாவது ஒன்றைச் சொல்."

மணி நாலு. நல்ல வெயில். வவுனியாவில் இந்நேரம் காலை பத்து முப்பது, பின்னேரத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் பென்சில் முனையைக் கோட்டின்மேல் வைத்தபடியே இருந்தேன். அதற்குள் அடுத்த பந்தை எறிந்துவிட்டார்கள்.