சொம்பில் விழுந்த ஏழு கேள்விகள்

அந்தக் காலத்தில் மயிலாப்பூரில் எங்கள் வாசகசாலையில் ஞாயிறு மாலைப் பிரசங்கம் என்றால் நான்தான். மூன்று வருஷமாக ஹாஸ்யம் பேசிக் கைதட்டல் வாங்கிப் பழகிய உடம்பு. பக்கத்துப் போர்ஷனுக்குக் கல்லையும் மண்ணையும் ஆராயும் பூகர்ப்ப சாஸ்திர உபாத்தியாயர் ஒருவர் குடிவந்தார். என் பிழைப்பில் மண் விழுந்தது.

அரியலூர்ப் பக்கம் கிடைத்த எலும்புத் துண்டு ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ஒரு ஞாயிறு வாசகசாலைக்கு வந்து பேசினார். டைனோசராம். வீட்டைவிடப் பெரிய பிராணியாம். மறுநாள் குளக்கரை முழுக்க அதே பேச்சு.

"ஏன்னா, உங்க பேச்சுல தூங்கிப்போற தெருக்கோடியாத்து மாமாகூட நேத்திக்கு முழிச்சுண்டே இருந்தாராமே?" என்றாள் மனைவி, ரசத்தை ஊற்றிக்கொண்டே.

ரசம் போதும் என்று இலையை மடித்தேன்.

அடுத்த ஞாயிறும் அவருக்கே போயிற்று. அதற்கடுத்தது யாருக்கு என்பதை அன்றைக்குக் கூட்டத்தில் கைதூக்கி முடிவு செய்வார்கள். அதற்குள் அவரைக் கவிழ்த்தாக வேண்டும்.

எங்கள் சபையில் சந்தேகங்களைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதிப் பித்தளைச் சொம்பில் போடுவது வழக்கம். தலைவரான ஓய்வுபெற்ற வக்கீல் எடுத்து வாசிப்பார். நான் மூன்று நாள் ஆபீஸ் வேலையை ஒதுக்கிவிட்டு ஏழு சீட்டு எழுதினேன், வலக்கையில் நாலு, இடக்கையில் மூன்று. டைனோசர் என்ன நிறம்? எப்படிக் கத்தும்? முட்டையை அடைகாத்ததா, போட்டுவிட்டுப் போய்விட்டதா? எலும்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியுமா? அத்தனை பெரிய உடம்புக்கு அந்தச் சின்ன வாய் எப்படித் தீனி போட்டது? எல்லாம் ஏன் ஒட்டுமொத்தமாகச் செத்தன? முதலை மட்டும் எப்படித் தப்பியது?

தலைவர் முதல் சீட்டை வாசித்தார்.

"தெரியாது" என்றார் உபாத்தியாயர். என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

இரண்டாவது சீட்டு.

"அதுவும் தெரியாது. எலும்புதான் கிடைச்சிருக்கு, தொண்டை கிடைக்கலையே!"

சபை குலுங்கிச் சிரித்தது. அது என் சிரிப்பு! மூன்று வருஷமாக நான் அனுபவித்துவந்த சொத்து!

ஏழாவது சீட்டுக்கு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவ்வளவு நல்ல கேள்விகளை என்கிட்டே யாரும் கேட்டதே இல்லை. ஒண்ணுக்கும் நிச்சயமான பதில் இன்னும் யார்கிட்டேயும் இல்லை. எங்கே தேடணும்னு வேணும்னா அடுத்த வாரம் சொல்றேன்."

அடுத்த ஞாயிறும் அவருக்கே என்று அத்தனை கைகளும் உயர்ந்தன. சந்தேகம் வரக்கூடாதே என்று நானும் தூக்கித் தொலைத்தேன்.

"யாருங்காணும் இதெல்லாம் எழுதினது? இப்படி மூளைகூட நம்ம சபையில இருக்கா!" என்றார் தலைவர்.

நான்தான் என்று வாய்வரை வந்துவிட்டது. ஆனால் ஒரே ஆள் எதற்கு ஏழு சீட்டு, எதற்கு இடக்கை என்று கேட்டால்? நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே முன்வரிசையில் கோடியாத்து மாமா அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "முதலைக் கேள்வி அடியேனோடது."

அவ்வளவுதான். நிறத்துக்கு ஒருவர், முட்டைக்கு ஒருவர் என்று ஐந்து நிமிஷத்தில் ஏழுக்கும் சொந்தக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். உபாத்தியாயர் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். நான் யார்மேல் முதலில் பொறாமைப்படுவது என்று தெரியாமல் நின்றேன்.

மாமா என் இடக்கைக் கிறுக்கலைத் தலைவரிடம் காட்டி வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார். "என் கையெழுத்து சின்ன வயசிலேர்ந்தே இப்படித்தான் ஓய்!"