இடிக்கக் கூடாத அறை

வீட்டு பிளான் வரையறது இருக்கே, செங்கல்லைக் கையால தொடாமலே ஊரார் வீட்டைக் கட்டவும் இடிக்கவும் செய்யற பொழப்பு. மவுஸைப் பிடிச்சே மணிக்கட்டு வீங்கிப்போன என் சக பாவிகளே, வேற யாரும் நம்பாட்டியும் நீங்க நம்புவீங்கன்னுதான் இதைச் சொல்றேன்.

வீட்டைக் காணோம்

அம்பத்தூர்ல ஒரு சின்ன ஆபீஸ்ல சேர்ந்த புதுசு. முதல் கஸ்டமர் கள்ளிக்குப்பம் வரதராஜன் சார், ஆவடியில ஃபேக்டரி வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பழைய வீட்டோட முன்பக்கத்தை இடிச்சிட்டு மகனுக்குப் புதுசாக் கட்டணும். பின்னாடி இருக்கற பொண்ணோட ரூம்ல மட்டும் கை வைக்கவே கூடாது. அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

எனக்கு ஸ்கேல் பிடிபடல. மீட்டர் கணக்குல வரைஞ்சதை மில்லிமீட்டர்னு நெனச்சு பிரிண்ட் கொடுத்துட்டேன். இவ்ளோ பெரிய தாள்ல வீட்டைக் காணோம், நடுவுல ஒரு புள்ளிதான் இருந்துச்சு. எனக்கு மானமே போச்சு. சார் திட்டல. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அந்தப் புள்ளியவே உத்துப் பார்த்தார். "இதுக்குள்ள என் பொண்ணு ரூம் இருக்காம்மா?"

வெளியில இருந்தே அளந்தது

என் அளவு மேலயே சந்தேகம் வந்து, திரும்ப அளக்கப் போனேன். பின்ரூம் கதவு மூடியிருந்துச்சு. உள்ள ஃபேன் ஓடற சத்தம். கதவைத் தட்டக் கையை ஓங்கினேன், சார் பதறிப்போய்த் தடுத்தார். பொண்ணு தூங்கறாளாம், வெளியிலயே அளந்துக்கணுமாம். சரி, பாவம்னு நானும் டேப்பைச் சத்தமில்லாம இழுத்து அளந்துட்டு வந்தேன்.

பக்கத்து சீட் டில்லியும் கள்ளிக்குப்பம்தான். அவன்கிட்ட இதைச் சொன்னதும் டீ கிளாஸைக் கீழ வெச்சுட்டான். "அந்தப் பொண்ணு செத்து வருசமாவுதே மேடம், யாரு தூக்கம் கெடும்னு பயந்தாரு?"

முழுக்கோடு உடைஞ்சது

நிக்கற சுவருக்கு முழுக்கோடு, இடிக்கற சுவருக்கு விட்டுவிட்டு வர்ற கோடு. இது நம்ம தொழில் வழக்கம். அந்தக் கோட்டுல துண்டும் இடைவெளியும் எவ்ளோ நீளம்னு சொல்ல தனியா ஒரு ஸ்கேல் இருக்கறது அப்ப எனக்குத் தெரியாது. வீடு மொத்தத்துக்கும் இடிக்கற கோட்டைப் போட்டுத் தொலைச்சிருக்கேன். ஸ்கேல் ரொம்பப் பெருசா இருந்ததால, அந்த ரூமோட சின்னச் சுவருங்க மட்டும் இடைவெளியே இல்லாம முழுக்கோடாத் தெரிஞ்சுது. ஆஹா, சரியா வந்துருச்சுன்னு கான்ட்ராக்டருக்கு ஃபைலை அனுப்பிட்டேன்.

மறுநாள் காலையில டில்லி ஃபைலைத் திறந்தான். கோட்டு ஸ்கேலைக் குறைச்சான். என் கண்ணு முன்னாடியே அந்த ரூமோட சுவர் துண்டு துண்டா உடைஞ்சுது. கான்ட்ராக்டர்கிட்டயும் ஸ்கேலைச் சரி பண்ணித்தானே பிரிண்ட் எடுத்திருப்பாங்க! டில்லி என்னைப் பார்த்தான். "இன்னா மேடம், இந்த ரூமையும் இடிக்கச் சொல்லிட்டியா? இன்னிக்குத்தானே ஆளு வராங்க?"

கடப்பாரை கீழ கிடந்தது

போன் போட்டா யாரும் எடுக்கல. ஸ்கூட்டியை விரட்டிக்கிட்டு ஓடினேன். முன்பக்கம் ஏற்கெனவே பாதி இடிஞ்சாச்சு. பின்ரூம் அப்படியே நின்னுச்சு. சாமி, தப்பிச்சேன்! ஆனா கடப்பாரை கீழ கிடக்குது, மேஸ்திரி வேர்த்துப்போய் ஓரமா உட்கார்ந்திருக்கார். ஆளுங்களுக்கு டீ வாங்கப் போன வரதராஜன் சாரும் ஃபிளாஸ்க்கோட அப்பத்தான் வந்து சேர்ந்தார். மேஸ்திரி எழுந்து நின்னார். "உள்ள ஆளு கீது சார். கடப்பாரைய ஓங்கினேன், 'அண்ணா, கொஞ்சம் இருங்க'ன்னு ஒரு பொண்ணு சொல்லிச்சி."

கதவைப் பார்த்தேன். வெளிய பூட்டு தொங்குது. சார் மயக்கம் போடுவார், இல்ல என்னைக் கிழிகிழின்னு கிழிப்பார்னு நெனச்சேன். அவர் ஃபிளாஸ்க்கை என் கையில திணிச்சுட்டு மேஸ்திரி கையைப் பிடிச்சுக்கிட்டார். "தினம் இந்த ரூம் வாசல்லயே உட்கார்ந்திருக்கேன், எங்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறா. உங்கிட்ட பேசினாளாய்யா?"

கோட்டோட ஸ்கேலைப் பார்க்காம ஃபைலை அனுப்பிடாதீங்க மக்களே, நம்ம தப்பைத் தடுக்க எல்லா வீட்லயும் உள்ள ஆள் இருக்காது.