அது லண்டன் புகை இல்லை

அந்தப் படங்களைப் பிளேடு போட்டு அறுத்து எடுத்தது நீங்கள்தான். என் கணவர் இல்லை.

சென்னையில் பழைய புத்தகம் சேர்ப்பவர் என்று உங்களுக்குப் பெரிய பெயர். சேர்வராயன் மலையில் மஞ்சக்குட்டைப் பக்கத்துக் காப்பி எஸ்டேட் பங்களாவுக்கு விருந்தாளியாக வந்து ஒரு வாரம் தங்கினீர்கள். அங்கே என் கணவர் சமையலும் காவலும் பார்த்தார். நான் பெருக்கித் துடைத்தேன். எஸ்டேட் முதலாளி உங்கள் நண்பர், இருப்பது சென்னையில். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

பங்களா முன்னறை அலமாரியில் ஒரு புத்தகம் மட்டும் தனியாக இருக்கும். தோல் அட்டை போட்டது, இரண்டு கையாலும்தான் தூக்க வேண்டும். பங்களாவைக் கட்டிய வெள்ளைக்காரர் விட்டுப்போனது. இந்த மலையில் முளைக்கிற செடிகளை வரைந்து, ஒவ்வொரு படத்துக்கும் கையாலேயே வண்ணம் தீட்டியிருந்தது. உலகத்திலேயே சில பிரதிகள்தான் மிச்சம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். எங்களுக்கு அது மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கிற சாமான். அவ்வளவுதான்.

ஐப்பசி பிறந்தால் இங்கே மேகம் ஜன்னல் வழியாக வந்து வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். துணி காயாது. தீக்குச்சி பற்றாது. அதனால் மிளகையும் விதை ராகிக் கதிரையும் அடுப்புக்கு மேலே கட்டிய மூங்கில் தட்டியில் போட்டு வைப்போம். கீழிருந்து சூடும் புகையும் பட்டுக்கொண்டே இருந்தால் பூச்சியும் வராது, பூஞ்சையும் வராது. புத்தகத்தில் ஈரம் ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி முதலாளி போனில் சொல்லியிருந்தார். பங்களாவில் குளிர்காய நெருப்புப் போடும் கணப்பில் புகைபோக்கி அடைத்துக்கொண்டு பல வருடம் ஆகியிருந்தது. அதனால் மழை பிடித்ததும் என் கணவர் புத்தகத்தை வேட்டியில் சுற்றி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார். மிளகுக்குப் பக்கத்தில் அதுவும் தட்டியில் ஏறும். தினமும் பக்கம் புரட்டி வைப்பார். வெயில் வந்ததும் திரும்ப அலமாரிக்குப் போய்விடும். பத்திரம் என்றால் அவருக்குத் தெரிந்தது அதுதான்.

ஒரு மழைக்குக் கூரையிலிருந்து கரிச்சொட்டு ஒன்று காப்பிப்பூப் படத்தின் ஓரத்தில் விழுந்தது. பதறிப்போய்க் கட்டைவிரலால் துடைத்தார். கறை போகவில்லை. விரலின் அச்சோடு பதிந்து நின்றுவிட்டது.

நீங்கள் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தபோது காப்பி கொண்டுவந்து வைத்தது நான்தான். குனிந்து முகர்ந்து பார்த்து, ஏன் புகை நாறுகிறது என்று கேட்டீர்கள். அவர் தட்டியைப் பற்றிச் சொன்னார். விரல் பட்டதையும் சொன்னார்.

"என்னப்பா, புக்கைக் கருவாடு மாதிரி காயப் போட்டிருக்கே" என்று சிரித்தீர்கள். அவரும் கூடச் சிரித்தார்.

நீங்கள் போன பிறகு, அடுத்த மழை வருவதற்கு முன்னாலேயே, அதே வெயில் காலத்தில், முதலாளி யாரோ ஒருவருக்குக் காட்டுவதற்காகப் புத்தகத்தைத் திறந்தார். உள்ளே ஒரு படம்கூட இல்லை. தைத்த இடத்தில் பிளேடு ஓடிய கோடுதான் இருந்தது. முதலில் உங்களுக்குத்தான் போன் போட்டார். புத்தகம் வேலைக்காரன் வீட்டுக்குப் போய் வருகிறது, அங்கே விசாரியுங்கள் என்றீர்களாம். இதை முதலாளியே எங்கள் முன்னால் போலீஸிடம் சொன்னார்.

ஸ்டேஷனில் கேட்டது ஒரே கேள்வி.

"புக்கை ஊட்டுக்கு எடுத்துட்டுப் போனியா?"

"ஆமாங்கய்யா. மழைன்னா எப்பவும் நான்தானுங்க எடுத்துட்டுப் போவேன்."

"ஏனுங்க, எதுக்குன்னு சேத்துச் சொல்லுங்க" என்று நான் பின்னாலிருந்து சொன்னேன். எழுதுகிறவர் அதற்குள் எழுதி முடித்துவிட்டார்.

எங்கள் வீட்டை இரண்டு முறை கலைத்தார்கள். படம் கிடைக்கவில்லை. முதலாளி, கேஸ் வேண்டாம், குடும்பத்தோடு வெளியே போனால் போதும் என்றார். பெரிய மனது என்று ஊரே சொன்னது. திருடன் என்று சொல்லி மன்னித்துவிட்டால் அதற்கு மேல் யாரிடம் போய் வாதாடுவது? சேர்வராயன் குகைக் கோயிலுக்கு வாருங்கள், கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன் என்று என் கணவர் கூப்பிட்டார். முதலாளி வரவில்லை. இவர் ஊர்க்காரர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய், குகைக்குள் சாமி முன்னால் உள்ளங்கையால் அணைத்துவிட்டு வந்தார். திரும்பி வந்த ஜீப்பில் ஒருவன் கேட்டான்:

"கற்பூரம் அணைஞ்சுதுங்க. படம் வந்துச்சுங்களா?"

ஜீப் முழுக்கச் சிரித்தது.

அதன் பிறகு அவர் யார் வீட்டுக்குள்ளும் போகவில்லை. கல்யாண வீட்டில்கூட வாசலிலேயே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். உள்ளே வரச் சொல்லி நான் இழுத்தால், "நான் வந்துட்டுப் போன பொறவு எதாச்சும் காணாமப் போச்சுன்னா?" என்பார். கடைசியில் நெஞ்சில் சளி கட்டிச் செத்தார். சாகும்போதும் பெயர் அதேதான்.

இப்போது டவுனில் வாடகைக்கு இருக்கிறேன். கேஸ் அடுப்பு. தட்டி கிடையாது, மிளகு கிடையாது. ஆனாலும் மழை பிடித்துக்கொண்டால் வீட்டில் ஈரத்தோலும் புகையும் சேர்ந்த வாசம் வருகிறது. அடுப்புக்கு மேலே பக்கம் புரளுகிற சத்தம் கேட்கிறது. எனக்குப் பேய் நம்பிக்கை இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு அண்ணாந்து பார்ப்பேன். வெறும் சுவர்தான் இருக்கும். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

போன மழைக்கு, நான் வேலை செய்கிற லாட்ஜில் ஒரு பெண் போனை நீட்டி, "அக்கா, நம்மூருச் செடிங்களாமா, பாருங்க" என்றாள். வீடியோவில் நீங்கள் உங்கள் வீட்டுச் சுவரைக் காட்டிக்கொண்டிருந்தீர்கள். கண்ணாடிச் சட்டத்தில் காப்பிப்பூ. லண்டனில் ஏலத்தில் எடுத்ததாம். இன்றைக்கும் முகர்ந்தால் வெள்ளைக்காரன் வீட்டுக் கணப்பின் வாசம் வருகிறதாம். சொல்லிக்கொண்டே கேமராவைக் கிட்டே கொண்டுபோனீர்கள்.

ஓரத்தில் என் கணவரின் கட்டைவிரல் இருந்தது. காப்பிச்செடி வெட்டும் கவாத்துக் கத்தி கிழித்த தழும்பு குறுக்கே ஓட, இரண்டாகப் பிரிந்த விரல். வீடியோவை நிறுத்தச் சொன்னேன். அந்த இடத்தைத் தொட்டேன். தொட்டதும் வீடியோ மறுபடி ஓட ஆரம்பித்தது. விரல் போய்விட்டது, உங்கள் முகம் வந்தது.

முதலாளியிடம் காட்டினேன். எஸ்டேட்டையே விற்றாயிற்று, செத்தவருக்கு இனி என்ன என்றார். ஸ்டேஷனில் வீடியோவெல்லாம் ஆதாரம் ஆகாது என்றார்கள். அந்தப் பெண்ணை விட்டு உங்கள் வீடியோவுக்குக் கீழே எழுதச் சொன்னேன். சாயங்காலம் பார்த்தால் அழித்திருந்தீர்கள். இதை அழிக்க முடியாது என்றுதான் அச்சில் எழுதுகிறேன்.

விசாரணை என்று அவருடைய பத்து விரலையும் மையில் உருட்டி எடுத்தார்களே, அந்தத் தாள் ஸ்டேஷனில் இருக்கும். உங்கள் படத்தை அதன் பக்கத்தில் வையுங்கள். எந்த ஏலம், யார் விற்றது, சொல்லுங்கள். எனக்குப் போன் செய்ய வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம், பேசித் தீர்த்துக்கொள்ள எதுவும் இல்லை. அதே கேமராவுக்கு முன்னால் நின்று, அத்தனை பேரும் கேட்கப் பதில் சொல்லுங்கள்: திருடியது யார்?