தானாக நின்றவள்

அறிவுமதி ஷூ கம்பெனியில் தைத்த ஜோடிகளை அடுக்கினால் செஞ்சிக் கோட்டை ராஜகிரி மலை உச்சிக்கே இன்னொரு படிக்கட்டு எழும்பும். இறங்குவதற்குத் தனியாக ஒன்று கட்டவும் மிச்சமிருக்கும். செஞ்சியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வந்து அந்தச் சம்பளத்தில்தான் வீட்டை ஓட்டினாள். புருஷன் அன்புமணிக்கு முதுகுத்தண்டு தேய்ந்து போயிருந்தது. பாரம் தூக்க முடியாது.

அவளுடைய சூப்பர்வைசர் தங்கராஜ் வல்லத்துக்காரர். கோட்டை மலையைக் கொஞ்சம் நகர்த்தி வையுங்கள் என்றாலும், "எந்தப் பக்கம்மா?" என்று கேட்கிற வாய். கூடப் பிறந்தவன் இல்லாத அறிவுமதி, மகளுக்குக் காது குத்தியபோது தாய்மாமனாக அவரைத்தான் உட்கார வைத்தாள்.

ஆர்டர் குறைந்தது. ஆட்களைக் கழிக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததும் தங்கராஜ் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"கம்பெனி நிறுத்துச்சுன்னு பேரு வந்தா வேற எவனும் சேத்துக்க மாட்டாம்மா. குடும்ப சூழ்நிலைன்னு நீயே எழுதிக் குடுத்துடு. கௌரவமா இருக்கும்."

"நீ சொன்னா சரிதாண்ணே."

எழுதிக் கொடுத்தாள். துரத்தப்பட்டவள் என்பதைவிட வேண்டாமென்று வந்தவள் என்பது தெருவில் சொல்லிக்கொள்ள நன்றாகத்தான் இருந்தது. தண்ணீர்க் குழாயடி வரை போய், "நானே நின்னுட்டேன்" என்றாள்.

எழுதிக் கொடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்த, கூடத் தைத்த கவிதாவைக் கம்பெனியே நிறுத்தியது. அவளுக்கு இ.எஸ்.ஐ.யில் வேலை போனவர்களுக்கான உதவித்தொகை வந்தது. அதைக் கேட்டு அறிவுமதியும் இ.எஸ்.ஐ. ஆபீசுக்கு ஓடினாள்.

அங்கே கவுண்டரில் இருந்த அம்மா நிதானமாகச் சொன்னார்: "கம்பெனி நிறுத்தியிருந்தா மூணு மாசம் வரைக்கும் பாதி சம்பளம் கெடைக்கும். நீங்களா நின்னா கெடையாது. குடும்ப சூழ்நிலைன்னு நீங்களே எழுதியிருக்கீங்களேம்மா."

அங்கிருந்து நேராக வல்லத்துக்கு பஸ் ஏறினாள்.

தங்கராஜ் மோர் கொண்டுவரச் சொன்னார். அவள் தொடவில்லை.

"இது உனக்கு முன்னாடியே தெரியுமாண்ணே?"

அவர் விசிறியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எழுதி வாங்கித் தந்தாதான் என்னை வெச்சிப்போம்னாங்க. நானும் புள்ளகுட்டிக்காரன்."

"அப்ப தெரியும்."

"நீ ஒருத்திதாம்மா நான் சொன்னா மறுகேள்வி கேக்க மாட்ட."

திட்டியிருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது. உதவித்தொகையாவது திரும்பிவிட்டால் போதும் என்று குரலை இறக்கிக்கொண்டாள்.

"லேபர் ஆபீசர்கிட்ட வந்து, நாந்தான் எழுதச் சொன்னேன்னு ஒரு வார்த்த சொல்லு. அது போதும்."

"அத மட்டும் கேக்காதம்மா."

மறுநாள் விழுப்புரத்துக்குப் போனாள். தொழிலாளர் அலுவலகத்தில் தன் மனுவைக் கொடுத்தாள். படித்துப் பார்த்த அதிகாரி, கட்டாயப்படுத்தி எழுதி வாங்கியதற்குச் சாட்சி உண்டா என்று கேட்டார்.

"தங்கராஜ்னு ஒருத்தர் இருக்காருங்க."

"வந்து சொல்லுவாரா?"

"மாட்டாருங்க. நீங்க பேரை எழுதிக்குங்க."