சல்லடை அக்காவின் காணாமல் போன மணல்

சல்லடை அக்காவை நம்ப வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. கடற்கரையில் நாற்காலியும் குடையும் வாடகைக்கு விடுகிறவள். நான் அவளுக்குப் பக்கத்துக் கடை, மிதவை வாடகை. குழந்தைகள் காலில் கண்ணாடிச் சில்லு குத்திவிடக் கூடாதென்று தினமும் கடை முன்னால் மணலைச் சலிப்பாள். பெயர் அப்படி வந்ததுதான். ஆட்களையும் அதே மாதிரி சலிப்பாள். நான் டீ வாங்கிக் கொடுத்தால்கூட ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள்.

கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள். மாப்பிள்ளை டிப்பர் லாரி ஓட்டுகிறவர். கட்டட வேலைக்கு மணலும் ஜல்லியும் அடிப்பார். "மணல் லாரிக்காரனுக்குப் போய்ப் பொண்ணைக் குடுத்தேனே" என்று அன்றிலிருந்தே முணுமுணுப்பு. அந்த மனிதரோ, கடல் கொந்தளிக்கும் காலம் வருவதற்கு முன் வருஷா வருஷம் அவள் நாற்காலிகளைத் தன் லாரியிலேயே ஏற்றி, மேட்டிலுள்ள கிடங்கில் சேர்த்துவிட்டுப் போவார். அதெல்லாம் அக்கா கணக்கில் சேராது.

போன வருஷம் சீசன் முடிகிற சமயம். குடைக் கம்பை நட்டால் பாதிகூட இறங்காமல் கல்லில் இடித்தது. கடல் கொஞ்சம் எடுக்கும், அப்புறம் கொடுக்கும் என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் இவ்வளவா? யாரோ அள்ளுகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டாள். நாற்காலியெல்லாம் கிடங்குக்குப் போனதும், உடைந்த குளியலறை டைல்ஸ், நல்ல நீல நிறம், அதைச் சுத்தியலால் பயறளவுக்குத் தட்டி மணலோடு கலந்தாள். எந்தக் கட்டடச் சுவரில் நீலம் தெரிகிறதோ அங்கே திருடன். சில்லு பொறுக்கிய அதே கையால் சில்லு விதைக்கிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அப்புறம் புயல் அடித்தது. ஓய்ந்ததும் போய்ப் பார்த்தால் வெளிர் மணல் அடியோடு இல்லை. கல்லும், கல்லிடுக்கில் கறுப்பு மணலும்தான் கிடந்தன. அக்கா அதில் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஊதினாள். பறக்கவில்லை.

"பாத்தியா? நல்லதைச் சலிச்சு எடுத்துட்டுக் கசடை விட்டுட்டுப் போயிருக்கான். கை தேர்ந்தவன்."

"அக்கா, அது கனமான மணல். அலையால இழுக்க முடியல, விட்டுருச்சு. லேசானதை எல்லாம் இழுத்துட்டுப் போயிருச்சு. அங்க பாரு, முன்னாடி உடையாத இடத்துல அலை உடையுது. மணல் தண்ணிக்கடியில மேடா கிடக்கும்."

"நீ என்ன, கடலுக்கு வக்கீலா?"

கடலும் சலிக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவளுக்குத் தெரிந்த வரை சலிக்க ஒரு கை வேண்டும்.

நேராக மகள் வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்ற லாரியின் பின்பக்கம் ஏறித் துழாவினாள். மூலையில் வெளிர் மணல், கிளிஞ்சல் பொடியோடு. அவள் நாற்காலிக் கால்களிலிருந்து உதிர்ந்ததாக இருக்கலாமே என்று யோசித்தாளா? நீலம் ஒன்றுகூட இல்லையே என்றாவது? அதற்கும் பதில் வைத்திருந்தாள்: பொறுக்கி எறிந்திருப்பான். மாப்பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருந்தார், பக்கத்தில் அவருடைய அப்பா. தட்டின் அருகே கைக்குட்டையை அவிழ்த்துக் கொட்டினாள்.

"இது என்ன மாப்பிள்ளை?"

"மணல், அத்தை."

"யார் மணல்?"

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். மகள்தான் பேசினாள். "அம்மா, இனிமே இங்க வராதே. நானும் வர மாட்டேன்."

சொன்னபடியே செய்தாள். போனை எடுக்கவில்லை. அக்கா மூடிய கடை முன்னால் வந்து வெறுங்கல்லைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். எனக்கு அவள்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

கடல் அடங்கியது. சின்னச் சின்ன அலைகள் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குத் தள்ளின. முதலில் நீருக்குள் ஒரு திட்டு தெரிந்தது. அது நகர்ந்து நகர்ந்து வந்து கரையோடு ஒட்டிக்கொண்டது. கறுப்பு மணல் அடியில் மறைந்தது. குடைக் கம்பு பழையபடி இறங்கியது. ஒரு நாள் சல்லடையில் நீலத் துண்டு ஒன்று நின்றது. அப்புறம் இன்னும் சில. எல்லாம் கூர் மழுங்கி, தொட்டால் வழுவழு என்று இருந்தன.

அக்கா ஓவென்று அழுதுவிட்டாள். "எம் பொண்ணு வீட்டுக்குப் போகணும். நீயும் கூட வா. நான் தனியாப் போனா கதவு திறக்க மாட்டா."

மகள் கதவைத் திறந்தாள், என் முகத்துக்காக. அக்கா துண்டுகளை மேசைமேல் வைத்தாள். "தப்பு என்னோடதுதான் மாப்பிள்ளை. எல்லாத்தையும் கடலே திருப்பிக் கொண்டாந்துருச்சு."

மாப்பிள்ளை ஒன்றை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். கோபமே இல்லாமல் கேட்டார்: "நான் அள்ளிட்டுப் போய், மாட்டிக்குவோம்னு பயந்து திரும்பக் கொண்டாந்து கொட்டலன்னு எப்படி நம்புறீங்க அத்தை?"

"சேச்சே, அப்படியெல்லாம் நெனப்பேனா..."

"அம்மா," என்றாள் மகள், "உள்ள வரும்போது லாரி டயரைக் குனிஞ்சு பாத்தியே, அது எதுக்கு?"

நானும் அதைப் பார்த்திருந்தேன். வேறு யாரும் பார்த்திருக்கக் கூடாதே என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன்.