ஆறாம் எண் அறையில் ஒரு மாணவர்

எங்கள் பள்ளியில் மணி அடிப்பது நான்தான். பள்ளி என்றால் பிள்ளைகள் படிக்கிற பள்ளி அல்ல. வேலைக்காக வெளிநாடு போகிறவர்களுக்கு மொழி சொல்லித்தரும் தனியார் பள்ளி. ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடி, நீண்ட நடைவழி, இரு பக்கமும் அறைகள், படி ஏறியதும் என் மேசை. நேர அட்டவணை, வருகைப் பதிவு, தொலைபேசி எல்லாம் என் தலையில்தான். ஆகவே இங்கே நடந்த எதுவும் எனக்குத் தெரியாது என்று நான் தப்பிக்க முடியாது.

இங்கே ஓர் ஆசிரியை இருந்தார்; அவரை மாணவர்கள் வெண்கல டீச்சர் என்பார்கள். கடைசி அறையில் அவர் பாடம் நடத்தினால் ஒவ்வொரு சொல்லும் என் மேசைவரை வந்து சேரும். பதினோரு வருஷம் கேட்டுக் கேட்டு எனக்கே அந்த மொழி பாதி வந்துவிட்டது. நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் சாலையில்தான். வீட்டில் அக்காவும் எட்டு வயது மகளும்.

ஒரு நாளைக்கு நான்கு வகுப்புகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். நடுவில் ஒரு தனி வகுப்பு. வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையே பதினைந்து நிமிடம் ஓய்வு. முன்பெல்லாம் அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஆசிரியர்கள் தங்கள் அறையில் கால் நீட்டி உட்கார்ந்து தேநீர் குடிப்பார்கள். பிறகு புது மேலாளர் வந்தார். விடுமுறை இல்லை என்று சொல்லும்போதும் சிரித்துக்கொண்டே சொல்வார் என்பதால் அவருக்குச் சிரிப்பு சார் என்று பெயர். அவர் ஆசிரியர் அறையை வகுப்பறையாக்கினார், நாற்காலிகளை நடைவழியில் போட்டார், மேலே ஒரு பலகை மாட்டினார்: ‘இடைவேளையிலும் ஆசிரியருடன் பேசிப் பழகலாம்!’

“சார், அப்போ இடைவேளை வேலை நேரமா, ஓய்வு நேரமா?” என்று நானே ஒருமுறை கேட்டேன்.

“ஓய்வுதாம்மா. ஓய்வா உக்காந்து பேசறாங்க, அவ்வளவுதானே?”

பதிவேட்டில் ஓய்வு, பலகையில் பேச்சு. தலையில் மிளகாய் அரைப்பது என்றால் இதுதான். தேநீரை ஒரு வாய் குடிப்பதற்குள் “டீச்சர், நான் சொன்னது சரியா?” என்று ஆறு பேர் சூழ்ந்துகொள்வார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வராது. கடன் வாங்கிப் படிக்க வந்தவர்கள்.

ஒரு வருஷத்தில் அக்காவின் குரல் கரகரத்தது. பிறகு நடு வாக்கியத்தில் காணாமல் போனது. குரல் நாணில் முடிச்சுகள் என்றார் மருத்துவர். வகுப்பில் பேசித்தான் ஆகவேண்டும் என்றால் மற்ற நேரமெல்லாம் வாய்க்குப் பூட்டு, கிசுகிசுக்கக்கூடக் கூடாது, மீறினால் குரலே போய்விடும் என்று எழுதிக் கொடுத்தார். அக்கா அந்தத் தாளோடு சிரிப்பு சாரிடம் போனார். இடைவேளையில் மட்டும் பேசாமல் இருக்க அனுமதி வேண்டும், வேறொன்றும் கேட்கவில்லை.

“ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும் டீச்சர். நீங்க பேச வேணாம். அவங்க பேசட்டும், தப்பு வந்தா மட்டும் திருத்துங்க, போதும்.”

தப்பு மட்டும்! அவர்கள் வாயைத் திறந்தாலே தப்புதானே, அதற்குத்தானே இங்கே வருகிறார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடைத்தாள்களைக் கொடுக்க அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த மகள், “அம்மா பேச மாட்டாங்க ஆண்ட்டி. பேச்ச ஸ்கூலுக்கு எடுத்து வச்சிருக்காங்க” என்றாள். இருவரும் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். மேசையில் ஒரு தட்டு தட்டினால் ஆமாம், இரண்டு தட்டினால் இல்லை. மகள் பாடம் வாசித்தாள், அக்கா தலையசைத்தார். மாவு பிசைந்த கையோடு அவர் இரண்டு தட்டு தட்ட, குழந்தை மறுபேச்சில்லாமல் தொலைக்காட்சியை அணைத்தாள். யாரோ முப்பது பேருக்கு வாரி வழங்கும் குரலில் பெற்ற பிள்ளைக்கு ஒரு சொல் மிச்சமில்லை.

மறுநாளே அந்தக் காரியத்தைச் செய்தேன். அக்காவின் தனி வகுப்பு மாணவரை வேறொரு டீச்சருக்கு மாற்றிவிட்டு, அதே நேரத்தில், ஆறாம் எண் அறையில், என் மாமாவின் பெயரை எழுதினேன். மாமா ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர்; அவர் செத்து நான்கு வருஷம் ஆகிறது. ஒரு பெரிய கம்பெனி அனுப்பும் மாணவர்களின் பட்டியலில் அவரைச் சேர்த்தேன். அந்தப் பட்டியலில் தலை எண்ண ஆள் கிடையாது.

“இது தப்பும்மா” என்றார் அக்கா, நான் அவரை அந்த அறைக்குள் தள்ளியபோது.

“தப்புதான். போய் முக்கால் மணி நேரம் வாய மூடிட்டு உக்காருங்க.”

உட்கார்ந்தார். தினமும் அந்தச் சின்ன அறையில், எதிரே காலி நாற்காலி, கையில் ஆறிப்போகாத தேநீர். இரண்டு மாதத்தில் கரகரப்பு குறைந்தது. மூன்றாம் மாதம் முடிச்சு சுருங்கிவருகிறது என்று மருத்துவர் சொன்னாராம். அன்று நடைவழியில் என் கையைப் பிடித்து அழுத்தினார். நானும் ஏதோ மலையைப் புரட்டிவிட்டவள் போல நிமிர்ந்து நடந்தேன்.

கெடுத்தது என் மடத்தனம்தான். மாமாவுக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்ததாகவாவது நான் எழுதியிருக்க வேண்டும். கை பழக்கத்தில் தினமும் ‘வந்தார்’ என்றே போட்டுவிட்டேன். உயிரோடு இருந்த காலத்தில் மாமா இவ்வளவு ஒழுங்காக எங்கும் போனதில்லை. ஆண்டின் சிறந்த மாணவரைத் தேட உட்கார்ந்த சிரிப்பு சார் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தவர் ஒரே ஒருவர்.

“வாங்கம்மா, படம் எடுத்துச் சுவத்துல மாட்டலாம்” என்று சான்றிதழோடு கிளம்பினார். “வகுப்பு நடக்குது சார், அப்புறம் பாக்கலாம்” என்று நான் பின்னாலேயே ஓடினேன். அவர் கதவைத் திறந்துவிட்டார். அக்கா கண்களை மூடி உட்கார்ந்திருந்தார்.

சிரிப்பு சார் சிரிக்காமல் இருந்து அன்றுதான் பார்த்தேன். “யாரு எழுதினது இந்தப் பேர?”

அக்கா என்னைப் பார்த்தார். எனக்கு வீட்டு வாடகை, அம்மாவின் மருந்து எல்லாம் ஒரே நொடியில் கண்முன் வந்து நின்றன. அக்காவுக்கும் அதெல்லாம் தெரியும்.

“நான்தான் சார் எழுதச் சொன்னேன்” என்றார். எவ்வளவு தெளிவான குரல்!

சார் என் பக்கம் திரும்பினார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நான் நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். என் தொண்டையில் ஒரு முடிச்சும் இல்லை. “ஆமா சார். டீச்சர் சொன்னாங்க, எழுதினேன்” என்றேன்.

அக்காவை வேலையை விட்டு அனுப்பியிருந்தால்கூடப் பரவாயில்லை. போயிருந்த சிரிப்பு சார் முகத்துக்குத் திரும்பி வந்தது. மூன்று மாதம் சும்மா இருந்த நேரத்தைத் திருப்பித் தந்தால் போதும், புகார் எழுத மாட்டேன் என்றார். கடைசி வகுப்புக்குப் பிறகு தினமும் இரண்டு தனி வகுப்புகள், இரண்டு மாதத்துக்கு. இடைவேளைப் பேச்சு வழக்கம்போல. புகார் எழுதினால் வேறு எந்தப் பள்ளியிலும் சேர முடியாது என்பது அக்காவுக்குத் தெரியும். அந்த அட்டவணையையும் நான்தான் தட்டச்சு செய்தேன்.

ஐந்தாவது வாரம், வகுப்பு நடுவில், கடைசி அறை அமைதியானது. மாணவர்கள் ஏதோ எழுதுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் என் வேலையைப் பார்த்தேன். பிறகு அறுவைச் சிகிச்சை நடந்தது, குரல் வரவில்லை. இனி வராது என்று சொல்லிவிட்டார்கள். அவர் இடத்துக்கு வேறு டீச்சர் வந்தாயிற்று. பலகை அப்படியே இருக்கிறது.

ஒரு மாதம் தள்ளிப்போட்டு, ஒரு நாள் இடைவேளையில் அக்கா வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். மகள்தான் எடுத்தாள்.

“அம்மா பக்கத்துலதான் இருக்காங்க. நீங்க பேசுங்க ஆண்ட்டி, அவங்க கேப்பாங்க.”

“அக்கா,” என்றேன். எதிரே நடைவழியில் புது டீச்சரைச் சுற்றி ஆறு பேர் நின்றார்கள். “அக்கா, என் மேல கோவமா?”

மேசையில் ஒரு தட்டு கேட்டது. நான் இரண்டாவது தட்டுக்காகக் காத்திருந்தேன். மணி அடிக்க வேண்டிய நேரம் வந்து, தாண்டியும் போயிற்று. அன்று இடைவேளை மூன்று நிமிடம் கூடுதலாக இருந்தது.