காளியப்பனும் ஊசியும்

மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார் காளியப்பன். இடது கையில் சாய்த்துப் பிடித்த குழாய். அதன் அடியில் நிறமற்ற ஒரு திரவம். வலது கையில் பிப்பெட். அதிலிருந்து இரத்தம் குழாயின் ஓரமாக வழிந்து இறங்கி, கீழே இருக்கும் திரவத்தோடு கலக்காமல் அதன்மேல் படிய வேண்டும். கை கொஞ்சம் அவசரப்பட்டாலும் எல்லாம் கலங்கிவிடும்.

அந்த நேரம் பார்த்து யாராவது கதவை அறைந்து சாத்தினால் திரும்பிப் பார்க்கமாட்டார். காது மட்டும் சிவக்கும். வேலை முடிந்த பிறகுதான் கச்சேரி. “என்னா லா, கதவ ஒடைக்கவா சம்பளம் குடுக்குறாங்க?” பக்கத்துக் கூலாய் ஊர்க் கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி கெட்டுப்போனாலும் நிர்வாகத்தினர் கவலைப்படுவதில்லை. இவர் தொண்டை இருக்கிறதே.

ஜோகூரில் எங்கள் ஆய்வுக்கூடத்தில், இரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்பு அணுக்களைப் பிரித்தெடுப்பது இவர் வேலை. நான் முன்னறையில் மாதிரிகளை வாங்கி வைப்பவள். குழாயைச் சுழல் இயந்திரத்தில் ஓடவிட்டால் சிவப்பணுக்கள் அடியில் தங்கும், மேலே மஞ்சள் நீர் நிற்கும், இடையில் மெல்லிய வெண்படலமாக எதிர்ப்பு அணுக்கள் மிதக்கும். அதைக் கண்டதும், பிள்ளை பரீட்சையில் தேறிய களை அவர் முகத்தில் வந்துவிடும். “வந்துட்டானுங்க நம்ம பசங்க!”

பசியாறப் போன இடத்திலும் இந்தப் புத்தி விடுவதில்லை. அடியில் பாகு, நடுவில் பால், மேலே சாயம் என்று கலக்காமல் நிற்கும் மூன்றடுக்குத் தேநீர் வந்தால் கண்ணாடிக் குவளையைத் தூக்கிப் பிடித்து ஆராய்வார். பால் சற்றுக் கலங்கியிருந்தால், “ஊத்துனவன் கை சரியில்ல லா” என்று தீர்ப்பு. கடைக்காரர் இப்போதெல்லாம் கேட்காமலேயே இவருக்குப் பாலில்லாத தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்.

ஊரார் இரத்தத்தில் இத்தனை காலம் உழன்றவருக்குத் தன் இரத்தம் என்றால் நடுக்கம். ஊசியைக் கண்டால் முறுக்கு மீசை தொங்கிவிடும். ஊழியர்களுக்கு உடல் பரிசோதனை நடக்கும் நாளில் இவருடைய உறவினர் யாருக்காவது தூரத்துக் காஹாங் ஊரில் விசேஷம் வந்துவிடும். ஒருமுறை மாட்டிக்கொண்டு நாற்காலியிலேயே சரிந்தார். “அது பசி மயக்கம்க்கா,” என்றார் என்னிடம். சற்று முன்புதான் இரண்டு பொட்டலம் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, காலியாகியிருந்தது.

சென்ற வாரம் நழுவ வழியில்லை. விடுமுறை நாள்; ஆய்வுக்கூடத்தில் எங்கள் டாக்டர் ஷர்மினி, காளியப்பன், நான் மூவர்தான். மருத்துவமனையிலிருந்து ஒரு கைக்குழந்தையின் இரத்தம் வந்தது. ஓயாமல் காய்ச்சலில் விழும் குழந்தை. அதன் எதிர்ப்பு அணுக்கள் வேலை செய்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மறுநாள் மருந்து தொடங்கிவிடுவார்கள், பிறகு பார்த்துப் பயனில்லை. கூடவே, நலமாக இருக்கும் ஒருவரின் இரத்தத்தையும் அன்றே பிரித்து ஒப்பிட்டால்தான் முடிவை நம்ப முடியும். அதற்காக வரவேண்டியவர் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார். சளி பிடித்தவர், மருந்து சாப்பிடுகிறவர் எவரும் ஆகாது. டாக்டர் ஷர்மினிக்குச் சளி. நான் தினமும் மாத்திரை விழுங்குகிறவள். இருவரும் காளியப்பனைப் பார்த்தோம்.

“அலமாக்! என்னா என்னையே பாக்குறீங்க? கெழட்டு ரத்தம் லா இது.”

“கட்டாயம் இல்லண்ணே,” என்றார் ஷர்மினி. “ஆனா இன்னிக்கு விட்டா அந்தப் புள்ளைக்கு வேற நாள் இல்ல.”

காளியப்பன் உள்ளே போனார். குழந்தையின் குழாயை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. “இத்துனூண்டு கையில எங்க குத்துனாங்களோ,” என்று முணுமுணுத்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“க்கா, இந்தக் கைய புடிச்சிக்குங்க. வெளிய சொல்லிடாதீங்க.”

பிடித்துக்கொண்டேன், என் விரல்கள் நசுங்கின. ஊசி இறங்கியபோது அவர் முருகனை அழைத்தது செனாய் ஊர் வரை கேட்டிருக்கும். ஆனால் ஷர்மினியிடம் நீட்டிய கை அசையவே இல்லை.

மயங்கவில்லை. வெளிறிய முகத்தோடு எழுந்துபோய், இரண்டு இரத்தத்தையும் ஒரே அளவாக, ஒரே நிதானத்தோடு குழாய்களில் படியவிட்டார். சுழல் இயந்திரத்தில் ஒரு குழாய் வைத்தால் எதிரே அதே எடையில் இன்னொன்று வேண்டும்; இல்லாவிட்டால் இயந்திரம் உதறும். மாதிரி ஒன்றே ஒன்று என்றால் எதிரே தண்ணீர்க் குழாயை வைப்பார். அன்று ஒரு பக்கம் குழந்தையின் குழாயை வைத்தார். எதிர்ப்பக்கம் தன்னுடையதை வைத்தார். மூடியைச் சாத்திவிட்டு, பஞ்சு ஒட்டிய கையால் அதன்மேல் மெதுவாகத் தட்டிக்கொடுத்தார்.